கேட்டதைக் கொடுங்கள்

ஜனவரி 9

அரிசி மண்டிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. வழக்கமாக இதில் மண்டபத்து முன்பதிவுகளைத்தான் குறிப்பேன். இந்த வருஷம் அதற்கு வேறு நோட்டு வாங்கிக்கொண்டேன். இதை எனக்கென்று வைத்துக்கொள்கிறேன். மனிதர்களிடம் ஒன்றைச் சொன்னால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தொலைக்கிறார்கள். இது சும்மா கேட்டுக்கொள்ளும்.

மதுரை டாக்டர் இன்று முடிவாகச் சொல்லிவிட்டார். கல்லீரல் சுருங்கிக் கெட்டிப்பட்டுவிட்டதாம். சிர்ரோசிஸ். கால் வீங்கியதும் வயிற்றில் நீர் கோத்ததும் அதனால்தானாம். "குடிப்பீங்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஆயுளில் ஒரு சொட்டு தொட்டதில்லை என்றேன். என் முகத்தைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பார்த்தார், "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். விருதுநகரில் கல்யாண மண்டபத்து மேனேஜர், இருபது வருஷமாக, என்றேன்.

"அப்ப தினமும் பந்தி."

பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சொன்னதைத்தான் கடைப்பிடித்தேன்.

குடிக்காதவனுக்கும் இது வருமாம். கொழுப்பு படிந்து, சர்க்கரையும் சேர்ந்து, வருஷக்கணக்கில் புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி, கடைசியில் முழுக்கத் தழும்பு. "தழும்பு திரும்பாது. ஆனா இதுல கேன்சர் வராமப் பாத்துக்கணும்" என்றார். பக்கத்தில் இருந்த மனைவி கனி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பொரித்தது, மைதா, இனிப்பு, பாக்கெட் பலகாரம், கலர் சோடா எல்லாம் உடம்புக்குள் ஒரு அழற்சியைத் தணிய விடாமல் வைத்திருக்குமாம். வெளியே தெரியாத உள்காய்ச்சல் போல. நல்ல ஈரல் அதைத் தாங்கும், தழும்பு விழுந்த ஈரலில் அது கேன்சருக்கு வழி விட்டுவிடும் என்றார். உப்பும் ஆகாது, அது நீர் கோக்கும். பயறு, கீரை, மீன், முட்டை வெள்ளைக்கரு, கேப்பை, எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். பட்டினி மட்டும் கிடக்கவே கூடாது.

"இதெல்லாம் விட்டா வராதா டாக்டர்?" என்று கனி கேட்டாள்.

"வராதுன்னு எழுதிக் குடுக்க முடியாதும்மா. வாய்ப்பு குறையும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்போம்."

அவர் சொன்னது 'குறையும்'. பஸ்ஸில் திரும்பி வரும்போது கனி சொல்லிக்கொண்டு வந்தது 'வராது'. நான் திருத்தவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் சாக எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜனவரி 12

அடுப்படியில் இன்று பெரிய வேட்டை. ஊறுகாய்ப் பாட்டில், அப்பளக் கட்டு, மிக்சர் டப்பா, வற்றல், சீனி எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன. சுபிதா கோயம்புத்தூரிலிருந்து போனில், "அம்மா, அப்பாவுக்குச் சீனி போடாத கடுங்காப்பி நல்லதாம், டாக்டரே சொல்லிருக்காரு" என்றாள். பெற்ற மகள் அல்லவா, ஒன்றாவது மிச்சம் பிடித்துக் கொடுத்தாள்.

பிறகு கனி சேலையை மாற்றிக்கொண்டு என்னோடு மண்டபத்துக்குக் கிளம்பினாள். "பூனையப் பாலுக்குக் காவல் வெச்சா விளங்குமா? நான் வரேன்" என்றாள். நேரே சமையல்கட்டில் கோட்டை அடுப்புக்குப் போய்ச் சமையல் மாஸ்டர் இருளப்பனைக் கூப்பிட்டாள். மணவறைக் குத்துவிளக்கை ஏற்றச் சொன்னாள்.

"மாஸ்டர், உங்க அண்ணாச்சிக்கு இந்த அடுப்புல இருந்து ஒரு பருக்கை குடுக்க மாட்டேன்னு வெளக்கு மேல சத்தியம் பண்ணுங்க."

இருளப்பன் சாமி விஷயத்தில் விளையாடாதவன். கரண்டியைக் கீழே வைத்து, கையைக் கழுவி, சுடருக்கு மேல் கையை நீட்டினான். "குடுக்க மாட்டேன் மதினி. அவுக கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

நான் ஏன்டா உன் காலில் விழப்போகிறேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 13

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றேன். "அப்ப நானும் உங்ககூடக் குப்பையிலயே கிடக்கேன்" என்று அதே குழம்பைத் தன் தட்டிலும் ஊற்றிக்கொண்டாள். உனக்கென்ன தலையெழுத்து, நீ உப்புப் போட்டுத் தின்னேன் என்றால், ரெண்டு உலை வைக்க அவளுக்குத் தெம்பில்லையாம்.

பிப்ரவரி 10

பெரிய முகூர்த்தம். காலைப் பந்தியில் உளுந்த வடை. சட்டியிலிருந்து எடுத்ததும் அது ஒரு சத்தம் போடும், அதைக் கேட்டால் எனக்குக் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். போய் நின்றேன். கேட்கவில்லை, நின்றேன், அவ்வளவுதான். இருளப்பன் வடைத் தட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். அவன் கண்ணில் நீர். எண்ணெய்ப் புகை என்றான்.

வீட்டுக்கு வந்து பாசிப்பயறும் மீன் குழம்பும் சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால் கனி கைப்பக்குவத்தில் உப்பில்லாத மீன் குழம்பும் ஒரு மாதிரி இறங்கத்தான் செய்கிறது. மிளகும் புளியும் தூக்கலாகப் போட்டு நாக்கை ஏமாற்றக் கற்றுக்கொண்டுவிட்டாள். இதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

மார்ச் 4

மண்டபத்து வாசலில் பூக்கட்டுகிற இடத்தில் யாரோ யாரிடமோ: "மேனேஜர் ரகசியமா ஊத்துவாரு போல. நெருப்பில்லாமப் புகையுமா? ஈரல் சும்மாவா கெடும்?"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. கேட்காதவன் மாதிரி வந்துவிட்டேன். குடித்திருந்தாலாவது அந்தச் சுகத்தைக் கண்டிருப்பேன்.

ஏப்ரல் 8

பங்குனிப் பொங்கல். ஊரே பொருட்காட்சித் திடலில்தான். தாம்பாளம் அகலத்துக்கு டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, அதற்கு அடுத்த கடையில் எண்ணெயில் முக்கி எடுக்கிற நம் ஊர்ப் பரோட்டா. கனி என் கையைப் பிடித்துக்கொண்டு, தீ மிதிக்கப் போகிறவள் மாதிரி, நேரே பார்த்தபடி என்னை இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், "தாண்டிட்டோம்ல" என்றாள். கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி சிரித்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வெள்ளரிக்காய் வாங்கினோம். உப்பு, மிளகாய்த்தூள் தூவ வந்தவனைக் கையைத் தட்டிவிட்டாள்.

ஜூலை 11

ஸ்கேனில் ஒன்றுமில்லை! வயிற்று நீரும் வற்றிவிட்டது. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் இருக்கிறதில்ல. இப்படியே போங்க" என்றார். "எனக்குக் கைகுடுத்து என்ன டாக்டர், அதோ போலீஸ்காரம்மா" என்று கனியைக் காட்டினேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மீனாட்சியம்மனுக்கு அர்ச்சனை செய்தோம். பிரசாதக் கடையில் அப்பமும் அதிரசமும் கண்ணாடிக்குள் அடுக்கியிருந்தன. இதையும் தின்னக் கூடாதா என்று கேட்கவில்லை. இன்று எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 29

ஆவணி முகூர்த்தங்கள். தொடர்ந்து நாலு கல்யாணம். வடையை வடையாகப் பார்க்கவே மறந்துவிட்டது. எண்ணிப் பந்திக்கு அனுப்புகிற சாமான், நாற்காலி மாதிரி.

செப்டம்பர் 25

பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டேன். பத்தியத்தின் பலன். இருபது வயதில் இருந்த இடுப்பு திரும்பி வருகிறது.

அக்டோபர் 20

தீபாவளி. சாத்தூரிலிருந்து தங்கபுஷ்பம் அக்கா வந்தாள், கையில் காராச்சேவுப் பொட்டலத்தோடு. கனி அதை வாங்கி அப்படியே அவள் பையிலேயே திருப்பி வைத்தாள். அக்காவுக்கு முகம் செத்துவிட்டது.

"என்ன தம்பி, இப்படி வத்தலாப் போயிட்ட? கன்னத்துல சதையே இல்ல."

டாக்டர் சொன்ன சாப்பாடு அக்கா, என்றேன்.

"எந்த டாக்டர் பொண்டாட்டி கையில புருசனப் பட்டினி போடச் சொல்றான்? நல்ல நாளும் அதுவுமா ஒரு வடை இல்ல, பணியாரம் இல்ல. எங்கம்மா இருந்தா இதப் பாத்துச் சகிப்பாளா?"

கனி அடுப்படியில் முட்டை அவித்துக்கொண்டிருந்தாள். அக்கா போன பிறகு, "நிசமாவே வத்திட்டீங்களா?" என்று என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போடி, ஆள் அழகாகியிருக்கிறேன், உனக்குப் பொறாமை என்றேன்.

நவம்பர் 9

இரண்டு மூன்று வாரமாக வலது விலாவுக்குக் கீழே கல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது. வாயு. சாப்பாட்டைப் பார்த்தாலே போதும் போதும் என்கிறது வயிறு. கனியிடம் வாயு என்றுதான் சொன்னேன். அவள் சுபிதாவுக்குப் போன் செய்துவிட்டாள். ஜனவரியில்தான் ஸ்கேன், அதற்குள் என்ன அவசரம் என்றால் கேட்கிறார்களா?

நவம்பர் 14

மதுரை. ரத்தம் எடுத்தார்கள், பெரிய ஸ்கேனும் எடுத்தார்கள். சுபிதா லீவு போட்டு வந்திருந்தாள். முடிவு சொல்லக் கூப்பிட்டபோது, "அப்பா, நீங்க கேன்டீன்ல ஒரு காப்பி குடிச்சிட்டு இருங்க, நாங்க கேட்டுட்டு வந்துடறோம்" என்றாள். குடித்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று, இன்னொன்றும் குடித்தேன்.

வந்தார்கள். இரண்டு பேரும் முகம் கழுவியிருந்தார்கள். "ஒண்ணுமில்லப்பா. கொஞ்சம் வீக்கம். மாத்திரை மாத்திக் குடுத்திருக்காரு." கார் பிடித்து வந்தோம். எப்போதும் பஸ்தான், இன்று கார்.

நவம்பர் 16

குழம்பில் உப்பு! முதல் வாயில் நாக்கு ஆடிப்போய்விட்டது. என்ன கனி, மறந்துபோய்ப் போட்டுவிட்டாயா என்றேன். "கொஞ்சமாப் போட்டுக்கலாமாம். டாக்டர் சொன்னாரு." பார்த்தாயா, ஈரல் தேறிவிட்டது. அதனால்தான் இந்தச் சலுகை. நாளைக்கே எழுந்து மண்டபத்துக்குப் போக வேண்டும்.

நவம்பர் 19

நேற்று அப்பளம் பொரித்தாள். இன்று வாழைக்காய் பஜ்ஜி. எதிரே உட்கார்ந்து நான் மெல்லுவதையே பார்க்கிறாள். நீ தின்னவில்லையா என்றால் பசியில்லை என்கிறாள். நானும் பாதி பஜ்ஜிக்கு மேல் முடியாமல் வைத்துவிட்டேன். பத்து மாதமாக ஏங்கியது கைக்கு வந்தது, வாய்க்குள் போக மாட்டேனென்கிறது. பழக்கம் விட்டுப்போயிருக்கும், வேறொன்றுமில்லை. சுபிதா இன்னும் கோயம்புத்தூர் போகவில்லை. ஆபீசில் வேலை இல்லையாம். அந்த ஆபீசில் வேலை இல்லாத நாளை நான் கேள்விப்பட்டதில்லை.

நவம்பர் 27

கார்த்திகை முகூர்த்தம். ஆட்டோவில் மண்டபத்துக்குப் போனேன். படியேற இருளப்பன் கை கொடுத்தான். சபரிமலைக்கு மாலை போட்டு, கறுப்பு வேட்டியில் இருந்தான். ஆபீஸ் அறையில் உட்கார வைத்துவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது வாழையிலைத் துண்டில் நாலு உளுந்த வடை, சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது. மேசைமேல் வைத்தான். என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன சாமி, வெளக்கு மேல பண்ணின சத்தியம் என்னாச்சு?"

"மதினி போன் பண்ணாக. சத்தியத்துல இருந்து விடுவிச்சுட்டேன்னு சொன்னாக."

"வேற என்ன சொன்னா?"

வாசல் பக்கம் திரும்பினான். இருளப்பா, என்று கொஞ்சம் குரலை உயர்த்தினேன்.

"டாக்டர் சொல்லிட்டாராம் அண்ணாச்சி. கேட்டதைக் குடுங்கன்னு."

அந்த ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் தெரியாத தமிழன் உண்டா? எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஆளை வீட்டுக்கு அனுப்பும்போது சொல்வது அது. இனி தடுத்துப் பயனில்லை, ஆசைப்பட்டதைத் தின்றுவிட்டுப் போகட்டும்.

வெளியே நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். வடையைத் தொடவில்லை. எடுத்துக்கொண்டு போடா என்றேன். சாமியை 'டா' போட்டுவிட்டேன், அவன் ஒன்றும் நினைக்கவில்லை.

நவம்பர் 28

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 1

கனி கடைக்குப் போன நேரம் பார்த்துச் சுபிதாவைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரியும், நீயே சொல்லிவிடு தாயி என்றேன். கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு சொன்னாள். கட்டி. ஜூலையில் இல்லாதது. வேகமாக வளர்கிற ரகமாம், ஈரலின் பெரிய ரத்தக்குழாய்க்குள்ளேயே இறங்கிவிட்டதாம். வெட்டவும் முடியாது, ஈரலை மாற்றவும் முடியாது. இந்த உடம்பு வேறு வைத்தியம் தாங்காது.

"எதனால தாயி? நான்தான் எல்லாத்தையும் விட்டேனே."

"நானும் அதத்தாம்பா கேட்டேன். தழும்பு முன்னாடியே அவ்வளவு இருந்துச்சாம். சாப்பாட்ட மாத்தினதால வாய்ப்பு குறைஞ்சுச்சு, இல்லாமப் போகலன்னு சொன்னாரு. இந்த ஒரு வருஷம் நீங்க நடமாடினதே அம்மா சமையலாலதான்னு சொன்னாருப்பா."

அம்மாவிடம் அதைச் சொன்னாரா? சொன்னாராம். அம்மா காதில் ஏறவில்லையாம்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. வருஷம் பூராவும் மீனாட்சியையும் மாரியாத்தாளையும் கும்பிட்டேன், வாயைக் கட்டினேன், ஒரு துண்டு வடை, ஒரு விரல் நுனி ஊறுகாய் தொட்டதில்லை. பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்குகிற ஒவ்வொருத்தன் முகமும் ஞாபகம் வருகிறது. அவனுக்கெல்லாம் ஒன்றும் இல்லை. அழுதேன். துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

டிசம்பர் 8

அக்கா மறுபடி வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் கட்டிலில் உட்கார்ந்து என் கையைத் தடவிக்கொண்டே, கனி காதில் விழும்படி:

"உப்புமில்ல, உறப்புமில்ல, எண்ணெயுமில்ல. வருசம் பூரா இப்படி ஊத்தினா நோய் எதுத்து நிக்க உடம்புல என்ன இருக்கும்? ராசா மாதிரி இருந்த புள்ளைய வத்த வெச்சே கொன்னுட்டா."

அக்கா, வாயை மூடு என்றேன். மூச்சு வாங்கியதில் அது சத்தமாக வரவில்லை. கனி காப்பி டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் வாய் திறந்து ஒரு பதில் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என் கனி பதில் சொல்லாமல் விடுகிறவளா?

டிசம்பர் 11

கால் மறுபடி வீங்கிவிட்டது. கண் மஞ்சள். சோறு இரண்டு வாய்.

கனி தினமும் ஒன்று செய்கிறாள். நேற்று பரோட்டா வாங்கிவரச் சொல்லி வைத்தாள், இன்று அதிரசத்துக்கு மாவு. கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்காருகிறாள். என்னால் முடியவில்லை என்றால் தட்டை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். இன்று மெதுவாகச் சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

"அன்னைக்கே தந்திருக்கலாம். நல்லா இருந்த நாள்ல ஒரு வடை தந்திருக்கலாம். வீணாப் பட்டினி போட்டுட்டேனே. சாத்தூர் மதினி சொல்றது சரிதான். நான்தான் உங்கள வத்த வெச்சுட்டேன்."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். உன்னால்தான் இத்தனை நாள் இருந்தேன் என்றேன். ஜூலையில் கைகுலுக்கியதைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், ஒன்றும் உள்ளே போகவில்லை. நான் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா பதினாறாம் நாள் வீட்டில் உட்கார்ந்து இதையே சொல்வாள். கனி மறுபடியும் காப்பி கொண்டுவந்து வைப்பாள். அதற்கப்புறம் இருக்கிற வருஷமெல்லாம் அடுப்படியில் ஒவ்வொரு தடவை உப்பு போடும்போதும் அவள் இதை நினைப்பாள். எனக்கு இப்போது சாவைவிட இதுதான் பெரிதாக இருக்கிறது.

டிசம்பர் 14

மதியம் அதிரசம் கொண்டுவந்து வைத்து அதே பேச்சை எடுத்தாள். வீணாப் போச்சே, வாய்க்கு ருசியா ஒண்ணு காணலையே. நான் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, சிரித்தேன்.

"யாருடி காணல? ஆவணி பூரா மூணாம் பந்தியில உக்காந்து தின்னவன்டி நான்."

விளங்காமல் பார்த்தாள்.

"ஜூலைல ஒண்ணுமில்லன்னு சொன்னான்ல, அதோட பயம் விட்டுப்போச்சு. தினம் காலையில நாலு வடை. லட்டு. சாயங்காலம் ஸ்டோர் ரூமப் பூட்டிக்கிட்டு எண்ணெய்ப் பரோட்டாவும் சால்னாவும். வாயக் கழுவிட்டு வந்து உன் பாசிப்பயறுக்கு மூஞ்சியச் சுளிச்சேன். நீ கண்டுபிடிச்சியா?"

இருபது வருஷம் தின்றவன், சொல்ல வராதா? பரோட்டாவின் ஓரம் எப்படி நொறுங்கும், சால்னாவில் எண்ணெய் எப்படி மிதக்கும், எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. நாலு வாரமாகச் செத்துக் கிடந்த முகம்.

"பாவி மனுஷா!"

கையிலிருந்த தட்டை வீசினாள். அதிரசம் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

"ஒரு கல்லு உப்பு போடாம நானும் சேந்து தின்னேனேய்யா! எனக்கென்ன ஈரலா கெட்டுப்போச்சு? பொருட்காட்சியில கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேனே! சாண் நாக்குக்காகவா இப்படி எங்களத் தெருவுல விட்டுட்டுப் போறீக? அந்த மாஸ்டரு! வெளக்கு மேல கை வெச்சு..."

இதை நான் யோசிக்கவில்லை. போனை எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். கண்ணால்கூட அவனுக்கு ஒன்றும் சொல்ல முடியாது, அவன் அந்தப் பக்கம்.

"சாமி, மாலை போட்டிருக்கீக. பொய் சொல்லக் கூடாது. ஆவணியில இருந்து இவுகளுக்கு வடையும் லட்டும் அங்க இருந்துதான் போச்சா? நீங்கதான் குடுத்தீகளா?"

அங்கே யாரோ அண்டா தேய்க்கிற ஓசை மட்டும் கேட்டது. போச்சு, முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். இருளப்பன் ஒரு கல்யாணம் நடக்கப் பொய் சொல்லச் சொன்னால்கூடச் சொல்லாதவன்.

"மதினி, அண்ணாச்சி பக்கத்துல இருக்காகளா?"

"இருக்காக. அவுகதான் சொன்னாக."

அண்டா தேய்க்கிற ஓசை நின்றது. பிறகு:

"ஆமா மதினி. கேட்டாக. மனசு கேக்கல. நான்தான் குடுத்தேன்."

கனி அவனைப் பேசாத பேச்சில்லை. நம்பிக்கைத் துரோகி என்றாள், நீ மலையேறி என்ன பிரயோசனம் என்றாள். அவன் ஒவ்வொன்றுக்கும் "ஆமா மதினி, ஆமா மதினி" என்றுகொண்டிருந்தான். போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் முடிவு சொன்ன நாளிலிருந்து அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

"நான் ஒழுங்காத்தான் பாத்துக்கிட்டேன். நான் ஒரு குறை வெக்கல. நீங்கதான்... நீங்கதான்..."

"ஆமா கனி. நீ ஒழுங்காத்தான் பாத்துக்கிட்ட. நான்தான்."

டிசம்பர் 15

காலையிலேயே சாத்தூருக்குப் போன். தெருவுக்கே கேட்டது. "உங்க தம்பி பண்ணின லட்சணத்தக் கேளுங்க மதினி!" அந்தப் பக்கம் அக்கா, "அய்யய்யோ, அப்படியா செஞ்சான் பாவி" என்றது எனக்கே கேட்டது. அக்கா வாயடைத்துப் போனது இந்த ஜென்மத்தில் இதுதான் முதல் தடவை.

அப்புறம், போன வாரம்தான் கோயம்புத்தூர் திரும்பிப் போன சுபிதா. போனை என் காதில் வைத்தாள் கனி.

"அப்பா, அம்மா சொல்றது நிஜமா?"

"ஆமா தாயி. தின்னேன்."

அழுதுகொண்டே வைத்துவிட்டாள்.

மதியம் கேப்பைக் கஞ்சி. உப்பில்லை. "இனி ஒரு பருக்கை வெளிச் சாப்பாடு கிடையாது" என்றாள் கனி, கரண்டியை நீட்டி. இனி எதற்கு என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று வாய் இறங்கியது.

டிசம்பர் 18

மார்கழி பிறந்துவிட்டது, மண்டபம் காலி. என் எழுத்து எனக்கே விளங்கவில்லை.

இருளப்பன் வந்தான். கனி அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவன் வாசற்படிக்கு இந்தப் பக்கம் வராமல் நின்றான். வெள்ளை வேட்டி. கழுத்தில் மாலை இல்லை.

"மலைக்குப் போகலையா இருளப்பா?"

"இல்ல அண்ணாச்சி. கழட்டிட்டேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எனக்காகப் பழி சுமந்தவனிடம் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. கனி உள்ளே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள், கதவு திறந்திருந்தது. வரேன் அண்ணாச்சி என்றான்.

வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவன். கனி அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. கொடு என்று நானும் சொல்லவில்லை.